பட்கேயின் சாட்சியம்: காந்தி கொலை வழக்கில் உண்மையும் நிரூபணமும்

1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் திகதி தொடக்கம் 30ஆம் திகதி வரை, டில்லிச் செங்கோட்டையில் கூடிய விசேட நீதிமன்றத்தின் சாட்சிக்கூண்டில் ஒரு மனிதர் நின்றார். பெயர் திகம்பர் ராமச்சந்திர பட்கே. பூனா நகரில் 'சஸ்திர பண்டார்' என்னும் ஆயுதக் கடையை நடத்தியவர். கத்தியும் குத்துவாளும் கடையின் முன்புறத்தில் விலையாகும். வெடிபொருளும் கைக்குண்டும் மறைவில் கைமாறும். காந்தியடிகளைக் கொல்வதற்கென 1948 ஜனவரி 20ஆம் திகதி நடைபெற்ற முதல் முயற்சிக்கு வெடிபொருள் கொடுத்தவர் அவரே. அன்று டில்லிக்குச் சென்ற எழுவருள் ஒருவரும் அவரே. எதிரிக்கூண்டிலிருந்த எண்மரோடு ஒன்பதாமவராய் அமர்ந்திருக்க வேண்டியவர், ஜூன் மாதத்தில் மன்னிப்புப் பெற்று அரச சாட்சியாகி, அவர்களுக்கு எதிரே நின்று பேசினார்.

அந்த எண்மருள் ஒருவர் பட்கேயின் வீட்டு வேலைக்காரர். சங்கர் கிஸ்தய்யா என்பது அவர் பெயர். எசமான் சாட்சியாகவும் ஏவலாள் எதிரியாகவும் ஒரே மன்றில் எதிரெதிரே இருந்த அந்தக் காட்சியை நமது சரித்திர நூல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதனைப் பின்னர் நோக்குவோம்.

காந்தி கொலையைப் பற்றிய விவாதம் ஓய்ந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டு பெப்ரவரியில் இந்தியப் பாராளுமன்றத்தின் மைய மண்டபத்தில் விநாயக தாமோதர் சாவர்க்கரின் உருவப்படம் திறந்துவைக்கப்பட்டபோது அது மீண்டும் எழுந்தது. கொலையை மறுபடி விசாரிக்குமாறு கோரிய மனுவொன்றை 2018இல் இந்தியாவின் அதியுயர் நீதிமன்றம் நிராகரித்தபோது மீண்டும் எழுந்தது. சாவர்க்கர் வழக்கின் ஏழாம் எதிரி, விடுதலை செய்யப்பட்டவர். அவரைப் போற்றுவோர், பட்கே ஒரு கள்ள ஆயுத வியாபாரி, தன் உயிரைக் காக்கப் பொய் சொன்னவர் என்பர். அவரைத் தூற்றுவோர், பட்கே சொன்னது முழுவதும் மெய், நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டது என்பர். இரு சாராரும் வழக்கின் மையத்தில் ஒரு மனிதரின் நாவை வைத்துவிட்டு, அந்த நா மெய்யுரைத்ததா பொய்யுரைத்ததா என்றே வாதிடுகின்றனர். இக்கேள்வியே முழுக் கேள்வியன்று என்பது என் துணிபு. பட்கே மெய்யுரைத்தார் என்று ஏற்றுக்கொண்ட நீதிபதிதான் சாவர்க்கரை விடுதலை செய்தார். இந்த முரண்பாட்டை விளங்கிக்கொண்டாலன்றி இவ்வழக்கை விளங்கிக்கொள்ள முடியாது.

நடந்தது என்ன? 1948 ஜனவரி 13ஆம் திகதி டில்லியில் மதக் கலவரம் ஓயவேண்டுமென்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18ஆம் திகதி முடித்தார். அந்நாட்களிலேயே பூனாவில் 'ஹிந்து ராஷ்டிர' என்னும் மராத்திப் பத்திரிகையின் ஆசிரியர் நாதுராம் கோட்சேயும் அதன் நிர்வாகி நாராயண ஆப்தேயும் தம் திட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். 'அக்ரணி' என்ற பெயரில் அப்பத்திரிகை தொடங்கப்பட்ட காலத்தில் சாவர்க்கர் அதற்கு 15,000 ரூபா கொடுத்து உதவியிருந்தார். இதனை எவரும் மறுக்கவில்லை, சாவர்க்கரும் மறுக்கவில்லை.

ஜனவரி 20ஆம் திகதி மாலை, பிர்லா மாளிகைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மதன்லால் பாவா என்னும் பஞ்சாபி அகதி இளைஞர் வெடியொன்றைக் கொளுத்தினார். அந்தக் குழப்பத்தில் மற்றவர்கள் காந்தியடிகளைத் தாக்கவேண்டும் என்பதே ஏற்பாடு. மேடைக்குப் பின்னாலிருந்த வேலைக்காரர் அறையொன்றிலிருந்து சாளரத்தின் ஊடாகச் சுடும் பொறுப்புப் பட்கேக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அறைக்குள் சென்றால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சி அவர் உள்ளே போக மறுத்தார். வெடி வெடித்தது, சுவர் சிதைந்தது, காந்தியடிகள் அசையாமல் இருந்தார். மதன்லால் பிடிபட்டார். மற்ற அறுவரும் தப்பினர். பட்கே, சங்கரையும் அழைத்துக்கொண்டு பூனாவுக்குத் திரும்பிவிட்டார்.

பத்து நாட்கள் சென்றன. ஜனவரி 30ஆம் திகதி மாலை ஐந்து மணி கழிந்து சில நிமிடங்களில் கோட்சே மூன்று முறை சுட்டார். அந்தத் துப்பாக்கி குவாலியரில் பெற்றது; அதற்கும் பட்கேக்கும் தொடர்பில்லை. கொலை நிகழ்ந்தபோது அவர் டில்லியிலேயே இல்லை. மறுநாள், 31ஆம் திகதி, பூனாவில் பொலிசார் அவரைக் கைது செய்தனர். ஆகவே பட்கேயின் சாட்சியம் கொலையைப் பற்றியதன்று, சதியைப் பற்றியது. யார் யாரோடு எங்கே கூடினர், யார் என்ன சொன்னார், எந்தப் பை யாருடைய கையில் இருந்தது என்பவற்றைப் பற்றியது. கொலையைக் கண்ணாற் கண்டவர் பலர் இருந்தனர். சதியைக் கண்டு, அதைச் சொல்லவும் முன்வந்தவர் ஒருவரே.

சாவர்க்கரைப் பற்றி அவர் கூறியவை இவை. ஜனவரி 14ஆம் திகதி இரவு, பம்பாய் சிவாஜி பார்க் பகுதியிலுள்ள 'சாவர்க்கர் சதனம்' என்னும் வீட்டுக்குக் கோட்சேயோடும் ஆப்தேயோடும் போனேன். அவர்கள் வெடிபொருட் பையோடு உள்ளே சென்றார்கள். என்னை வெளியே நிறுத்தினார்கள். ஐந்து பத்து நிமிடங்களில் திரும்பினார்கள். மறுநாள் ஆப்தே என்னிடம், காந்தி, நேரு, சுராவர்தி ஆகிய மூவரையும் தீர்த்துவிட வேண்டுமென்று தாத்யாராவ் முடிவுசெய்து அக்காரியத்தைத் தங்களிடம் ஒப்படைத்திருப்பதாகச் சொன்னார். (தாத்யாராவ் என்பது சாவர்க்கரை அவருடைய அன்பர்கள் அழைக்கும் பெயர்.) 17ஆம் திகதி காலை மீண்டும் அவ்வீட்டுக்குப் போனோம். நான் கீழ்த்தளத்து அறையில் இருந்தேன். அவர்கள் இருவரும் மாடிக்குப் போனார்கள். சில நிமிடங்களில் இறங்கினார்கள். அவர்களின் பின்னால் வந்த சாவர்க்கர், மராத்தியில், வெற்றியோடு திரும்பி வாருங்கள் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் சொன்னார்.

இவ்வளவே. ஒரு மூடிய கதவு, பிறர் வாய்ச்சொல் ஒன்று, மாடிப்படியில் உதிர்ந்த ஒரு வாழ்த்து. ஒரு பெருந்தலைவரைத் தூக்குமேடைக்கு அனுப்ப இது போதுமா என்று கேட்டால், போதாது என்றே நேர்மையான எவரும் சொல்வர். ஆனால், இது பொய்யா என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. இந்தச் சாட்சியத்தின் மெலிவையே நான் அதன் உண்மைக்குச் சார்பாக எடுத்துக்கொள்கிறேன். பொலிசாரைத் திருப்திப்படுத்துவதற்காகக் கதை கட்டுபவர் தம்மைக் கதவுக்கு வெளியே ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்? மாடிக்கும் போனேன், அவர் தம் வாயால் ஆணையிட்டதைக் காதால் கேட்டேன் என்று சொல்வதை எது தடுத்தது? மறுத்துரைக்கக்கூடியவர் மூவர், மூவரும் எதிரிக்கூண்டில் இருந்தனர். பொய்யன் பொதுவாகக் கொடையாளி; கேட்பவர் வேண்டுவதைக் குறைவின்றிக் கொடுப்பான். பட்கேயோ கேட்டதை மட்டும், அதுவும் அரைகுறையாகக் கேட்டதை மட்டும் சொன்னார்.

நீதிபதி ஆத்ம சரணும் வேறு வழியால் இம்முடிவுக்கே வந்தார். பட்கே தம் கூற்றை நேராகச் சொன்னார், குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியையும் தட்டிக்கழிக்க முயலவில்லை, நிகழாதவற்றைப் பற்றி இத்தனை நாட்கள் இத்தனை நுணுக்கமாக ஒருவர் தடுமாறாமல் பேசுவது இயலாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். வழக்கில் அரசதரப்பு 149 சாட்சிகளை அழைத்தது. விடுதியில் தங்கியது, வண்டியில் சென்றது, பணம் திரட்டியது எனப் பட்கே கூறிய சிறு சிறு செய்திகளை அவர்களிற் பலர் வந்து உறுதிப்படுத்தினர். பம்பாயில் பணம் கொடுத்த வியாபாரிகளும் வந்தார்கள். வேறொரு நற்காரியத்துக்கென்று நம்பிக் கொடுத்தோம் என்றார்கள். அவர்களை அந்த நம்பிக்கையோடேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்படியானால் சாவர்க்கர் விடுதலையானது எவ்வாறு? இவ்விடத்தில் சட்டத்தைச் சிறிது நோக்கவேண்டும். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 2024இல் புதுச் சட்டமொன்று அதன் இடத்தைப் பெறும்வரை நடைமுறையில் இருந்தது. அதன் 133ஆம் பிரிவு, குற்றத்தில் உடந்தையாயிருந்தவரின் சாட்சியத்தை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பது சட்டவிரோதமாகாது என்றது. 114ஆம் பிரிவின் உதாரணமொன்றோ, முக்கியமான விடயங்களில் வேறு சான்றால் உறுதிப்படாவிட்டால் உடந்தையாளி நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. இலங்கை வாசகர்களுக்கு இது அந்நியமன்று. நமது 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் இவை இரண்டும் அதே எண்களுடன் இருக்கின்றன. 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்த வழக்கிலும், எதிரிகளாக முதலிற் கொண்டுவரப்பட்டவருள் ஒருவர் மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானார். சதியென்பது இருட்டில் நடப்பது. இருட்டில் இருந்தவனையன்றி வேறு யாரைச் சாட்சிக்கு அழைப்பது என்று கேட்கிறது அரசு. இருட்டில் இருந்தவனின் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கிறது நீதி.

ஆத்ம சரண் இந்த இரண்டு பிரிவுகளையும் இணைத்தே வாசித்தார். மற்ற எதிரிகளைப் பொறுத்தவரை பட்கேயின் கூற்றை உறுதிப்படுத்த வேறு சான்றுகள் இருந்தன. சாவர்க்கரைப் பொறுத்தவரை இருந்தவை இரண்டே எனலாம். ஜனவரி 14ஆம் திகதி, பூனாவிலிருந்து வந்த புகைவண்டியில் கோட்சேயையும் ஆப்தேயையும் கண்ட திரைப்பட நடிகை ஒருவர், தம் மோட்டார் வண்டியில் அவர்களை ஏற்றிச்சென்று சாவர்க்கர் வீட்டின் அருகில் இறக்கிவிட்டதாகக் கூறினார். 17ஆம் திகதி அவர்களைப் பம்பாய் முழுவதும் சுமந்துதிரிந்த வாடகைக்கார்ச் சாரதி, சிவாஜி பார்க் பகுதியில் வண்டியை நிறுத்தியதையும், அவர்கள் இறங்கிப்போய்ச் சில நிமிடங்களில் திரும்பியதையும் கூறினார். ஆகவே அவர்கள் அந்த இடத்துக்குப் போனார்கள் என்பது உறுதி. போனவர்கள் சாவர்க்கரைத்தான் கண்டார்கள் என்பதற்குச் சான்று எங்கே? அவ்வீட்டில் வேறு சிலரும் குடியிருந்தனர். இந்து மகாசபைத் தொண்டர்கள் எந்நேரமும் வந்துபோயினர். பட்கேயின் கதையை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்தானது என்று கூறி, 1949 பெப்ரவரி 10ஆம் திகதி சாவர்க்கரை நீதிபதி விடுவித்தார். கோட்சேக்கும் ஆப்தேக்கும் மரணதண்டனை. ஏனைய ஐவருக்கும் ஆயுள்தண்டனை.

சாவர்க்கரின் எதிர்வாதமும் கெட்டிக்காரத்தனமானதுதான். ஆப்தே பட்கேயிடம் அப்படிச் சொல்லியிருந்தாலும், என் பெயரின் செல்வாக்கைத் தம் காரியத்துக்குப் பயன்படுத்தப் பொய்யாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? வெற்றியோடு வாருங்கள் என்று நான் சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும், அது ஐதராபாத் நிசாமுக்கு எதிரான இயக்கத்தைக் குறித்ததாகவோ, பத்திரிகைக்குப் பங்குப் பணம் சேர்ப்பதைக் குறித்ததாகவோ இருக்கலாம் அல்லவா? இது ஒரு சட்டவறிஞனுக்குரிய விடை. கூண்டில் நிற்கும் எவருக்கும் அப்படி விடையளிக்க உரிமை உண்டு. அதனை நாம் குறைகூற முடியாது. சாவர்க்கர் வேண்டாத அரசியலை வளர்த்தவர் என்பதற்காக, நிரூபணமில்லாமல் அவரைத் தண்டித்திருக்க வேண்டும் என்று இடதுசாரிகளாகிய நாம் சொல்வோமானால், நாளை நம்மவர் ஒருவரை ஓர் அரச சாட்சியின் ஒற்றைச் சொல் சிறைக்கு அனுப்பும்போது பேசுவதற்கு நமக்கு வாய் இராது. தீர்ப்பு, மன்றின் முன் வைக்கப்பட்ட சான்றின்படி, சரியானதே.

மன்றின் முன் வைக்கப்பட்ட சான்றின்படி என்று சொன்னேன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

1964 ஒக்டோபரில் கோபால் கோட்சே முதலியோர் தண்டனை முடிந்து வெளிவந்தனர். நவம்பர் 12ஆம் திகதி பூனாவில் அவர்களுக்கு வரவேற்பு நடந்தது. அக்கூட்டத்தில் ஜி. வி. கேட்கர் என்னும் பத்திரிகையாளர், திலகரின் மகள் வழிப் பேரர், கொலைத் திட்டம் தமக்கு முன்கூட்டியே தெரியும் என்ற கருத்துப்படப் பேசினார். நாடு அதிர்ந்தது. முன்னறிவு யார் யாருக்கு இருந்தது, அதன்மேல் அரசாங்கங்கள் என்ன செய்தன என்று ஆராய ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. ஈற்றில் நீதியரசர் ஜீவன் லால் கபூர் அதனை நடத்தி 1969இல் அறிக்கை கொடுத்தார். அதற்குள், 1966 பெப்ரவரியில், சாவர்க்கர் இறந்துவிட்டார்.

கபூரின் அறிக்கையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஒரு வாக்கியம்: எல்லா உண்மைகளையும் ஒருங்கே நோக்கினால், சாவர்க்கரும் அவர் குழுவினரும் செய்த கொலைச்சதி என்பதைத் தவிர வேறெந்தக் கொள்கையும் நிலைக்காது என்ற கருத்துடையது அது. மேற்கோள் காட்டுவோர் அவ்வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றனர். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அறிக்கையில் சேர்க்கப்பட்டுள்ள இரண்டு வாக்குமூலங்கள். ஒன்று சாவர்க்கரின் மெய்க்காவலர் அப்பா ராமச்சந்திர காசாருடையது. மற்றது அவருடைய செயலாளர் கஜானன் விஷ்ணு தாம்லேயுடையது. ஜனவரி நடுப்பகுதியில் கோட்சேயும் ஆப்தேயும் இரவு வேளையில் சாவர்க்கரைக் காண வந்ததாக இருவரும் கூறினர். கர்கரே ஒரு பஞ்சாபி அகதி இளைஞரோடு வந்து பேசியதையும் இருவரும் கூறினர். காசார் மேலும் ஒன்று கூறினார்: ஜனவரி 23 அல்லது 24ஆம் திகதி, அதாவது முதல் முயற்சி தோற்ற பின்னும் கொலைக்கு ஒரு கிழமை முன்னும், அவ்விருவரும் மீண்டும் காலையில் வந்து சாவர்க்கரோடு அரைமணி நேரம் பேசினார்கள்.

இந்த வாக்குமூலங்கள் எப்போது பெறப்பட்டவை? 1969இல் அன்று, 1965இலும் அன்று. 1948 மார்ச் 4ஆம் திகதி, பம்பாய்ப் பொலிசாரால் பதிவு செய்யப்பட்டவை. செங்கோட்டையில் விசாரணை தொடங்க இரண்டு மாதங்களுக்கு மேல் இருந்தன. கோவையில் அவை கிடந்தன. 149 சாட்சிகளை அழைத்த அரசதரப்பு, சாவர்க்கர் வீட்டின் படிகளில் ஏறியவர் யார் என்பதை நேரில் அறிந்த அவ்விருவரையும் அழைக்கவில்லை.

இதற்குப் பல காரணம் ஊகிக்கலாம். அவர்கள் சாவர்க்கரின் விசுவாச ஊழியர். கூண்டில் ஏறியபின் பொலிசுக்குச் சொன்னதை மறுத்துவிடுவர் என்று வழக்கை நடத்தியோர் அஞ்சியிருக்கலாம். பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலம் மன்றில் சான்றாகாது. வாயால் மீண்டும் சொன்னால்தான் சான்றாகும். அந்த அச்சம் நியாயமற்றதன்று. ஆனால் அழைக்காமல் விட்டதன் விளைவு என்ன? வழக்கு முழுவதும் பட்கேயின் தோளில் ஏற்றப்பட்டது. தனி ஒருவரின் சொல்லால் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று சட்டமறிந்த எவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தத் தனி ஒருவரையே நிறுத்தினர். உள்துறைக்குப் பொறுப்பாயிருந்த வல்லபாய் பட்டேல், 1948 பெப்ரவரி 27ஆம் திகதியே, சாவர்க்கரின் நேரடித் தலைமையிலிருந்த இந்து மகாசபையின் வெறிக்கூட்டமொன்றே சதியைச் செய்தது என்று நேருவுக்கு எழுதினார். அமைச்சரின் மனத்தில் அவ்வளவு தெளிவு இருந்தது. விடுதலைக்கு எதிராக மேன்முறையீடு மட்டும் செய்யப்படவில்லை.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். காசாரும் தாம்லேயும் கூறிய நாட்கள் பட்கே கூறிய நாட்களோடு அப்படியே பொருந்தவில்லை. 15 அல்லது 16 என்கிறார் காசார், 14 என்கிறார் பட்கே. 17ஆம் திகதிக் காலைக் காட்சியை அவர்கள் இருவரும் உறுதிப்படுத்தவில்லை. பேச்சின் பொருளை இருவருமே சொல்லவில்லை. அவர்கள் குறுக்கு விசாரணைக்கு உட்படவுமில்லை. கபூர் ஆணைக்குழுவின் பணி சாவர்க்கரை விசாரிப்பதன்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் விடையளிக்க உயிரோடும் இல்லை. ஆகவே, நீதிமன்றம் விடுதலை செய்தவரை ஆணைக்குழு தண்டித்துவிட்டது என்று நம்மவர் சிலர் எழுதுவது மிகை. கபூர் கண்டது சரித்திர நிகழ்தகவு. மிக வலிய நிகழ்தகவு என்றே நான் கருதுகிறேன். சந்தித்தார்கள் என்பதை இன்று ஐயுற இடமில்லை. என்ன பேசினார்கள் என்பது அந்த மாடியறையோடு போயிற்று.

உயர்வகுப்பு மாணவர் இவ்விடத்தில் ஆசிரியரைப் பார்த்து, சாவர்க்கர் குற்றவாளியா இல்லையா, ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்பார்கள். பரீட்சை விடைத்தாள் பழக்கம் அது. சட்டத்தின் முன் அவர் நிரபராதி. சரித்திரத்தின் முன் அவர் விடையளிக்காமல் போன மனிதர். இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லும் துணிவு நமது பாடநூல்களுக்கு இல்லை. கட்சிப் பிரசுரங்களுக்கோ அறவே இல்லை.

பட்கேயைப் பற்றிய இன்னொரு பக்கத்தை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். அவர் சொன்னதை ஆராய்வோர், அவர் எப்போது சொன்னார் என்பதை ஆராய்வதில்லை. ஜனவரி 20ஆம் திகதி மாலையே மதன்லால் பொலிசாரின் கையில் இருந்தார். சதியில் தம்மோடிருந்தவர்களுள் ஒருவர் பூனாப் பத்திரிகையொன்றின் ஆசிரியர் என்பது அவர் வாயிலிருந்து வெளிவந்தது. பம்பாயில், கொலைத்திட்டத்தை மதன்லால் முன்னரே தம்மிடம் உளறியதாகப் பேராசிரியர் ஜே. சி. ஜெயின், 21ஆம் திகதி உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் போய்ச் சொன்னார். அந்நாட்களில் பட்கே இருந்தது பூனாவில். யாவரும் அறிந்த ஆயுத வியாபாரி. செங்கோட்டையில் பதினொரு நாட்கள் பேசி நாட்டை வியக்கவைத்த அதே வாய், ஜனவரி 22க்கும் 30க்கும் இடையில் தன் ஊரிலேயே வெறுமனே இருந்தது. அதைத் திறக்க எவரும் போகவில்லை. கொலைக்கு மறுநாளே போனார்கள். 20க்கும் 30க்கும் இடையில் பொலிசார் சற்றே ஊக்கம் காட்டியிருந்தால் இத்துயரம் நிகழாதிருந்திருக்கும் என்று ஆத்ம சரண் தீர்ப்பிலேயே எழுதினார். பட்கேயின் சாட்சியத்தின் பெறுமதியை அளப்போர் இதையும் சேர்த்து அளக்கவேண்டும். ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய செய்தி, அந்த உயிர் போனபின் ஒரு வழக்கை வெல்லுவதற்குரிய செய்தியாக மட்டும் மாறியது.

ஏன் போகவில்லை? சோம்பல் என்பர் சிலர். திறமைக்குறைவு என்பர் சிலர். டில்லிப் பொலிசும் பம்பாய்ப் பொலிசும் ஒன்றோடொன்று ஒத்துழையாமை என்பர் அறிக்கையை வாசித்தோர். இவை உண்மையே. ஆயினும் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மேற்கு வங்காளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர்கள் வீடுகளிலிருந்து இரவோடிரவாகப் பிடித்துச்செல்லப்பட்டனர். அப்போது பொலிசாரிடம் சோம்பலைக் காணோம். யாரைத் தேடுவது அரசுக்கு அவசரம் என்பது பொலிசாரின் திறமையைப் பொறுத்தது மட்டுமன்று.

இனி, சங்கர் கிஸ்தய்யா. நமது தமிழ்ப் பத்திரிகை மரபு, ஒரே வழக்கில் நிற்கும் இருவருள் எசமானை 'அவர்' என்றும் ஏவலாளை 'அவன்' என்றும் எழுதும். எழுதுகிறவருக்கே அது தெரியாது. சங்கர் தெலுங்கு பேசுபவர். வழக்கு ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் மராத்தியிலும் அவருடைய தலைக்கு மேலால் நடந்தது. அவருக்கென மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. எசமான் பையைத் தூக்கு என்றார், தூக்கினார். புகைவண்டியில் ஏறு என்றார், ஏறினார். பிர்லா மாளிகைக்கு வா என்றார், போனார். சதியின் நோக்கம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கும் முதற் சான்று எசமானின் வாய்ச்சொல்லே. மன்னிப்பு எசமானுக்கே வழங்கப்பட்டது. இது தற்செயலன்று. அரச சாட்சியாவதற்கு விற்கத்தக்க செய்தி வேண்டும். பெரியவர்களின் பெயர்களை அறிந்திருக்க வேண்டும். மாடிப்படியின் அடியிலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். சங்கரிடம் விற்பதற்கு என்ன இருந்தது? ஆழ்ந்து பங்குகொண்டவருக்கு விடுதலையும் மேலோட்டமாய்ப் பங்குகொண்டவருக்குச் சிறையும் என்பது இந்த முறையின் விதிவிலக்கன்று, அதன் இயல்பு. கூடியது தெரிந்தவனே கூடிய விலை பெறுவான்.

விசேட நீதிமன்றம் சங்கருக்கு ஆயுள்தண்டனை விதித்தது. நீதிபதியின் மனம் ஒப்பவில்லை போலும். அதனை ஏழாண்டாகக் குறைக்குமாறு தாமே சிபாரிசு செய்தார். சிம்லாவில் கூடிய கிழக்குப் பஞ்சாப் மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு நடந்தபோது, நாதுராம் கோட்சே தாமே வாதாடினார். சுட்டதை அவர் மறுக்கவில்லை. சதி என்பதையே மறுத்தார். தனி மனிதனின் செயல் என்றார். பட்கே மெய்யரானால் கோட்சே பொய்யர். கோட்சே மெய்யரானால் பட்கே பொய்யர். இரு நீதிமன்றங்களும் கோட்சேயை நம்பவில்லை. எனினும் இன்று கோட்சேயின் நீதிமன்ற உரை நூலாகிப் பல மொழிகளில் விற்பனையாகிறது, மேடையேறவும் செய்கிறது. பட்கேயின் பதினொரு நாள் சாட்சியத்தைத் தேடி வாசித்தவர் நூற்றுக்கு ஒருவரேனும் இருப்பரா? கொன்றவனின் நியாயத்தைக் கேட்பதற்குள்ள ஆவல், கொலை எப்படி ஏற்பாடாயிற்று என்பதைக் கேட்பதற்கு இல்லை. முன்னது காவியம் போல் ஒலிக்கிறது. பின்னதில் வண்டிக் கூலியும் விடுதிக் கணக்கும் வெடிமருந்துப் பையும் வருகின்றன. ஆனால் அரசியற் கொலை என்பது பின்னதினாலேயே ஆகிறது.

1949 ஜூன் 21ஆம் திகதி மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்சே, ஆப்தே ஆகியோரின் மரணதண்டனை உறுதியாயிற்று. நவம்பர் 15ஆம் திகதி அம்பாலாச் சிறையில் நிறைவேற்றப்பட்டது. குவாலியர் மருத்துவர் பர்ச்சுரே விடுதலையானார். சங்கர் கிஸ்தய்யாவும் விடுதலையானார். எசமான் மன்னிப்புப் பெற்று ஏறத்தாழ ஓராண்டு கழிந்திருந்தது.